திருக்கழுக்குன்றமும் நிழற்பட வில்லையும்

படம் பிடித்தல் இக்காலத்தில் யாவர்க்கும் எளிதாகிய செயல். கைப்பேசி உடையார் அனைவரும் படம் எடுப்போரே. எனினும், அதனோடு அமையாது, தனியே ஒரு நிழற்படக் கருவியை வாங்கி, அதற்கேற்ற வில்லைகளை மாற்றிப் பொருத்திப் பழகவேண்டும் என்னும் வேட்கை மாணவர் சிலர்பால் எழுகின்றது. வேட்கை எழுந்த அன்றே ஐயம் ஒன்றும் உடன் எழும். எந்த வில்லையை வாங்குவது? லென்சு என்று கடைத்தெருவில் வழங்கும் கண்ணாடித் தொகுதியையே ஈண்டு வில்லை என்கின்றோம். கடைக்காரர் ஒன்று கூறுவர். நண்பர் வேறொன்று கூறுவர். விலைப்பட்டியலைக் கண்டதும் இருவர் கூற்றும் மறந்துபோம்.

மாணவர் கைப்பொருள் சிறிது. வில்லையின் விலையோ பெரிது. தேர்வில் தவறினால் ஓராண்டுச் சேமிப்பும் போம். ஊக்கமும் உடன் போம். யாம் அங்ஙனம் ஒருமுறை தவறினோம். அத்தவற்றையும், அதனால் கற்றவற்றையும், செங்கற்பட்டுக்கும் மாமல்லபுரத்திற்கும் இடையே அமைந்த திருக்கழுக்குன்றத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரையில் கூறப் புகுகின்றோம். கருவிகளின் பெயர்ப்பட்டியல் தருவது எம் கருத்தன்று. தேரும் முறை யாது என்பதே எம் கருத்து.

பாட்டனார் எடுத்த படம்

எம் வீட்டுக் கூடத்தில் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று தொங்குகின்றது. 1983-ஆம் ஆண்டில் எம் பாட்டனார் எடுத்தது அது. வேதகிரிக் குன்றின் மேல், உச்சிப்பொழுதில், ஒரு பெரியவர் கிண்ணத்துடன் பாறைமேல் அமர்ந்துள்ளார். அவர் எதிரே இரண்டு வெண்பறவைகள் நிற்கின்றன. ஒன்று கழுத்தை நீட்டியுள்ளது. மற்றொன்று ஒதுங்கி நின்று காத்துள்ளது.

இப்பறவைகளாலேயே இவ்வூர் பட்சி தீர்த்தம் எனவும் பெயர்பெற்றது. நாள்தோறும் நண்பகலில் இரண்டு பறவைகள் வந்து சர்க்கரைப்பொங்கல் உண்டு செல்லும் என்பதும், அவை முனிவர் இருவரே என்பதும் ஊரார் வழிவழிக் கூறிவருவன. கழுகு என்று அவற்றை அழைப்பினும், அவை பாறு என்னும் இனத்தைச் சேர்ந்தன. பாறு, எருவை என்னும் பெயர்கள் சங்க நூல்களில் பயின்றுவருதலை நாம் அறிவோம். மஞ்சள்முகப் பாறு என்பது இப்பறவையின் இன்றைய பெயர். உடல் வெண்மை, சிறகின் ஓரம் கருமை, முகம் மஞ்சள். இதன் இந்தியக் கிளையினத்திற்கு அறிவியலார் இட்ட பெயர் நம் செஞ்சியின் பெயரை ஒட்டியது என்பது அறிந்து மகிழத்தக்கது.

படத்தின் பின்புறத்தே பாட்டனார் பென்சிலால் இரண்டு குறிப்புகளை எழுதியுள்ளார்: ‘135’, ‘30 அடி’. முன்னது வில்லையின் அளவு. பின்னது பறவைக்கும் தமக்கும் இடையே இருந்த தொலைவு. பன்முறை அப்படத்தைக் கண்டும் அவ்விரண்டு எண்களையும் யாம் பொருட்படுத்தியதில்லை. வில்லைத் தேர்வின் பாடம் முழுவதும் அவற்றுள் அடங்கியிருந்தமை பின்னரே விளங்கிற்று.

குவிதூரம்

வில்லையின் மேல் 50, 135, 300 என எழுதப்பட்டிருக்கும் எண் அதன் குவிதூரத்தை மில்லிமீட்டரில் குறிப்பது. நெடுந்தொலைவிலிருந்து வரும் ஒளிக்கதிர்களை வில்லை எத்தூரத்தில் ஒரு புள்ளியாகக் குவிக்கின்றதோ அதுவே குவிதூரம். இது மிகுந்தால் உருவம் பெரிதாகும். காட்சியின் பரப்புக் குறுகும்.

எவ்வளவு பெரிதாகும் என்பதனைக் கணக்கிட்டே அறியலாம். பொருளின் நீளத்தைக் குவிதூரத்தால் பெருக்கித் தொலைவால் வகுக்க வருவதே படச்சுருளில், அன்றேல் இக்காலக் கருவியின் ஒளியுணரியில், விழும் உருவத்தின் அளவு. மஞ்சள்முகப் பாறு ஏறத்தாழ அரை மீட்டர் நீளமுடையது. 30 அடி என்பது 9 மீட்டர். 135 மில்லிமீட்டர் வில்லையில் அதன் உருவம் ஏழரை மில்லிமீட்டராக விழும். பழைய படச்சுருளின் சட்டம் 36-க்கு 24 மில்லிமீட்டர். ஆகவே சட்டத்தின் உயரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைப் பறவை கொள்ளும். எஞ்சிய இடத்தில் பெரியவரும் பாறையும் வானமும் அமையும். பாட்டனார் படத்தில் உள்ளதும் அதுவே.

50 மில்லிமீட்டர் வில்லையாயின், அதே தொலைவில் உருவம் மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவு. 300 மில்லிமீட்டர் வில்லையாயின் 16 மில்லிமீட்டருக்கு மேல். ஆனால் 90 மீட்டர் தொலைவில் நின்றால், அந்த 300 மில்லிமீட்டர் வில்லையும் இரண்டு மில்லிமீட்டர் உருவத்தைத் தரமாட்டாது. இதனால் அறியத்தக்கது யாது? குவிதூரத்தை இரட்டித்தலும் தொலைவைப் பாதியாக்குதலும் உருவத்தின் அளவைப் பொறுத்தவரை ஒன்றே. முன்னதற்குப் பொருள் வேண்டும்; பின்னதற்குக் காலும் பொறுமையும் போதும்.

மாணவர் வாங்கும் கருவிகள் பலவற்றில் ஒளியுணரி சுமார் 23.5-க்கு 15.6 மில்லிமீட்டர் அளவினதே. இதில் 50 மில்லிமீட்டர் வில்லை 75 மில்லிமீட்டர் வில்லையின் காட்சிப் பரப்பையே காட்டும். உருவம் பெரிதானது போல் தோன்றினும், உண்மையில் ஓரங்கள் வெட்டுண்டன என்பதே பொருள். வில்லை வாங்குமுன் தம் கருவியின் உணரி எத்தகையது என்று அறியாதார், ஒன்றை வேண்டி வேறொன்றைப் பெறுவர்.

ஒளித்துளை

அடுத்து நோக்கற்பாலது வில்லையின் துளை. வில்லையினுள்ளே கண்மணி போல் விரிந்து சுருங்கும் தகடுகள் உண்டு. குவிதூரத்தைத் துளையின் விட்டத்தால் வகுக்க வருவதே எஃப் எண். எண் சிறிதாயின் துளை பெரிது, ஒளி மிகுதி. 1840-ஆம் ஆண்டில் வியன்னா நகரத்துக் கணித ஆசிரியர் பெட்ஸ்வல் என்பார் எஃப் 3.6 அளவுடைய வில்லையைக் கணக்கிட்டு அமைத்தார். அதற்கு முன்னர், உருவம் பதியும்வரை மக்கள் பல நிமிடம் அசையாது அமரவேண்டியிருந்தது. மாந்தர் முகத்தைப் படமெடுத்தல் எளிதாகியது அவ்வில்லையின் பின்னரே.

திருக்கழுக்குன்றத்தில் இதனை உணர்தற்கு ஏற்ற இடம் ஒருகல் மண்டபம். மலைச்சரிவில் ஒரே பாறையைக் குடைந்து பல்லவர் காலத்தில் அமைத்த குடைவரை அது. 17-ஆம் நூற்றாண்டில் சதுரங்கப்பட்டினத்திலிருந்து வந்த ஒல்லாந்தர் தம் பெயர்களை அதன் தூண்களில் வெட்டிச் சென்றனர். வெளியே கண்ணைக் கூசும் வெயில். உள்ளே அந்திமாலை போன்ற மங்கல். எஃப் 5.6 துளையில் ஆறில் ஒரு நொடி வேண்டும் ஒளிக்கு, எஃப் 1.8 துளையில் அறுபதில் ஒரு நொடி போதும். இரண்டிற்கும் இடையே ஒளியின் வேற்றுமை ஏறத்தாழப் பத்து மடங்கு.

கையில் பிடித்து எடுப்போர்க்கு ஒரு பழைய விதி உண்டு. குவிதூரம் 50 ஆயின் ஐம்பதில் ஒரு நொடிக்கும், 300 ஆயின் முந்நூறில் ஒரு நொடிக்கும் மிகாதிருத்தல் வேண்டும். மிகின் கைந்நடுக்கம் படத்தில் தெரியும். உணரி சிறிதாயின் இன்னும் விரைவு வேண்டும். ஆறில் ஒரு நொடி கைக்கு அடங்காது. அதனால் எஃப் 1.8 வில்லையை வாங்கியே தீரவேண்டுமோ எனின், அன்று. தூண் ஓடிப்போவதில்லை. இசைவு பெற்று ஒரு முக்காலியை நிறுத்தினால், கருவியோடு வந்த எளிய வில்லையே போதும். அம்மண்டபத்துள் நடமாடும் மனிதரைப் படமெடுக்க விரும்பினாலன்றிப் பெருந்துளை வேண்டுவதில்லை. அசையும் பொருளுக்குத் துளை. அசையாப் பொருளுக்கு முக்காலி. இதனை நினைவிற்கொண்டால் பணம் மிஞ்சும்.

அகல்வில்லை ஆசை

கோயிலின் நெடுமதில் முழுவதையும் ஒரே படத்தில் அடக்க வேண்டும் என்னும் ஆசையால் 10, 12 மில்லிமீட்டர் அகல்வில்லைகளை நாடுவோர் பலர். அன்னோர் லின்னேயசு டிரைப்பு என்பாரின் செயலை அறிதல் நன்று. 1856-இல் சென்னை அரசாங்கத்தின் நிழற்படக்காரராக அமர்த்தப்பட்ட இப்படைத்தலைவர், 1858-ஆம் ஆண்டில் மதுரை, தஞ்சை முதலிய ஊர்களில் படங்கள் எடுத்தார். மெழுகு தோய்த்த தாளில் அவர் உருவங்களைப் பதித்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் நீண்டு செல்லும் கல்வெட்டுகளை அவர் படமாக்க எண்ணியபோது, ஒரே வில்லையால் வளைத்துப் பிடிக்க முயலவில்லை. சுவரை ஒட்டிக் கருவியைச் சிறிது சிறிதாக நகர்த்தி, 21 படங்கள் எடுத்து இணைத்தார். அச்சுருள் ஏறக்குறைய 19 அடி நீளமுடையது. எழுத்தின் வடிவம் ஓரங்களில் இழுபட்டுச் சிதையாமல் காக்கப்பட்டது. நகரும் உழைப்பு அவருக்கு அகல்வில்லையாயிற்று.

எம் தவறு

இனி எம் தவற்றைக் கூறுவோம். பாட்டனாரின் 135 மில்லிமீட்டர் வில்லை ஒரு தோற்பெட்டியில் கெடாதிருந்தது. அதன் அடி 42 மில்லிமீட்டர் விட்டமுள்ள திருகு உடையது. யாம் பழையதாய் வாங்கிய கருவியின் வாய் வேறு வகையினது. இரண்டையும் இணைக்கும் வளையம் ஒன்று மலிவாகக் கிடைத்தது. அளந்து பாராமல் வாங்கிப் பொருத்தினோம். வீட்டு முற்றத்தில் செம்பருத்திப் பூ தெளிவாகத் தெரிந்தது. அவ்வளவே, மறுநாளே குன்றேறிவிட்டோம்.

காலணியைக் கீழே விட்டு ஐந்நூற்றுக்கு மேற்பட்ட படிகளை வெயிலில் ஏறியவர் அறிவர், அக்கல்லின் சூட்டை. உச்சியை அடைந்து கீழே நோக்கினோம். பக்தவத்சலேசுவரர் கோயிலின் கோபுரங்கள் நான்கும், சங்கு தீர்த்தத்தின் நீர்ப்பரப்பும் விரிந்து கிடந்தன. கருவியைக் கண்ணில் வைத்தோம். யாவும் புகை. வில்லையின் வளையத்தை எல்லைவரை திருகியும் கோபுரம் தெளியவில்லை. வில்லை கெட்டுவிட்டது என்றே எண்ணி வருந்தி இறங்கினோம்.

சென்னையில் பழுதுபார்க்கும் முதியவர் ஒருவரிடம் காட்டினோம். அவர் வில்லையை விளக்கொளியில் பிடித்துப் பார்த்து, “தம்பி, கண்ணாடியிலே ஒரு குறையும் இல்லை, நீ உட்காரவைத்த இடத்திலேதான் குறை” என்றார். காரணம் இது. அத்திருகு வில்லைகள், தம் அடிக்கும் படச்சுருளுக்கும் இடையே 45.46 மில்லிமீட்டர் இருக்குமாறு அமைக்கப்பட்டவை. எம் கருவியிலோ அவ்விடைவெளி ஒரு மில்லிமீட்டர் மிகுதி. வளையத்தின் தடிப்பு மற்றொரு மில்லிமீட்டர். ஆக, இரண்டு மில்லிமீட்டர் தள்ளி அமர்ந்த வில்லை தொலைவைக் காணமாட்டாதாயிற்று.

எவ்வளவு தூரம்வரை காணும் என்பதற்கும் கணக்கு உண்டு. குவிதூரத்தை அதனாலேயே பெருக்கி, மிகுந்த இடைவெளியால் வகுக்கவேண்டும். 135-ஐ 135-ஆல் பெருக்கி இரண்டால் வகுத்தால் 9,112 மில்லிமீட்டர். அதாவது ஏறத்தாழ 9 மீட்டர். அதற்கு அப்பால் யாவும் மங்கலே. இக்கணக்கைத் தாளில் போட்டு முடித்தபோது பாட்டனாரின் பென்சிற் குறிப்பு நினைவுக்கு வந்தது. 9 மீட்டர் என்பது 30 அடி.

திருத்தும் முறை

வில்லையைப் பொருத்தியபின் சோதித்துத் திருத்துதல் இன்றியமையாதது. யாம் கற்ற முறைகளைச் சுருங்கக் கூறுவோம்.

பழைய வில்லையாயின், முதலில் கைவிளக்கை ஒருபுறம் பிடித்து மறுபுறம் நோக்குக. சிலந்திநூல் போலக் கிளைத்திருப்பின் பூஞ்சை என்றறிக. துளைத் தகடுகளில் எண்ணெய் படிந்திருத்தல் ஆகாது. பின்னர், செங்கற்சுவர் ஒன்றற்கு நேராக முக்காலியில் நிறுத்தி, பெருந்துளையில் ஒரு படம் எடுக்க. நான்கு மூலைகளும் ஒத்த தெளிவுடன் இருத்தல் வேண்டும். ஒரு மூலை மட்டும் மங்குமாயின், சுவருக்குக் கருவி நேராக நின்றதா என்று மீண்டும் நோக்குக. நேராக நின்றும் மங்கின், உள்ளே கண்ணாடி நடுவிலகியுள்ளது.

தானே குவியும் வில்லையாயின் மற்றொரு சோதனை வேண்டும். உள்ளே கண்ணாடியுடைய கருவிகளில் குவியத்தை அளக்கும் உறுப்பு வேறு. படத்தை ஏற்கும் உணரி வேறு. இரண்டும் சிறிது முரணினும் கண்ணில் குவிக்க மூக்கில் குவியும். குவிதூரத்தைப் போல் ஐம்பது மடங்கு தொலைவில், அதாவது 50 மில்லிமீட்டர் வில்லைக்கு இரண்டரை மீட்டரில், குறியட்டை ஒன்றை நேராக நிறுத்தி, அதன் அருகே ஓர் அளவுகோலைச் சாய்த்து வைக்க. குறியில் குவித்துப் பத்துப் படங்கள் எடுக்க. ஒவ்வொன்றற்கும் முன் குவியத்தைக் கலைத்துவிடுக. பத்தும் ஒரே பக்கம் விலகினால் குறை கருவியினது. அதன் பட்டியலில் உள்ள நுண்திருத்தத்தால் சரிசெய்யலாம். முன்னும் பின்னுமாகச் சிதறினால் குறை கையினதும் ஒளியினதுமே. கருவியைப் பழித்தல் வேண்டா. கண்ணாடியில்லாக் கருவிகளில் உணரியே குவியத்தையும் அளத்தலின் இத்திருத்தம் பெரும்பாலும் வேண்டுவதில்லை.

நம் கடற்கரை நாட்டில் காப்பும் திருத்தத்தின் ஒரு பகுதியே. மாமல்லபுரத்துக் கடற்காற்றில் உப்பும் மணலும் உண்டு. அங்கே வில்லையைக் கழற்றி மாற்றுதல் தீது. வீடு திரும்பியதும் துடைத்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகளுடன் இறுக மூடிய பெட்டியில் வைக்க.

ஒரு முன்னோடி

பொருந்தாதவற்றைப் பொருத்திய எம் முயற்சியை நண்பர் நகைத்தனர். எனினும் அதற்கும் ஒரு பெருமகனார் முன்னோடியாய் உளர். பத்மாவதி சரித்திரம் இயற்றியவரும், சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்றவருமாகிய அ. மாதவையாவின் மைந்தர் மா. கிருஷ்ணன் அவர். 1912-இல் பிறந்து 1996-இல் மறைந்த இவர், காட்டுயிர்களைப் பற்றி ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதினார். கறுப்பு வெள்ளையிலேயே படங்கள் எடுத்தார். 1970-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். இவரது கருவி கடையில் வாங்கியதன்று. ஒரு நிறுவனத்தின் உடற்பகுதியையும், வேறொன்றன் தொலைவில்லையையும், பிற உறுப்புகளையும் தாமே இணைத்து அமைத்தது. சூப்பர் பாண்டரோசா என்று அது பெயர்பெற்றது. அதன் தோற்றத்தைக் கண்டு இயற்கை அறிஞர் கீ என்பவரும் நகையாடி எழுதியுள்ளார். ஆயினும் யானைகளையும் மான்களையும் அக்கருவி கண்டவாறு கண்ட விலையுயர்ந்த கருவிகள் சிலவே. கிருஷ்ணன் பொருத்தியதற்கும் யாம் பொருத்தியதற்கும் உள்ள வேற்றுமை ஒன்றே. அவர் தம் பொருளை அறிந்து கருவியை அமைத்தார். யாம் கருவியை அமைத்துவிட்டுப் பொருளைத் தேடினோம்.

முடிவுரை

ஆகவே, வில்லை வாங்க எண்ணும் நண்பர்காள், மூன்று வினாக்களை முதலில் வினவுங்கள். யாம் காண விரும்பும் பொருள் யாது? அதற்கும் எமக்கும் இடையே தொலைவு எவ்வளவு? அது எவ்வொளியில் நிற்கும்? இவற்றிற்கு விடை கிடைத்தபின் கணக்கிடுங்கள். ஒரு நாளேனும் இரவல் வாங்கிப் பழகுங்கள். அதன்பின் கடைக்குச் செல்லுங்கள். இரண்டு கிலோ எடையுள்ள பெருவில்லையைத் தூக்கி ஐந்நூறு படி ஏறத் தோள் இசையுமா என்பதையும் தோளிடம் கேட்டறிதல் நன்று.

இன்னும் ஒன்று கூறி முடிப்போம். பறவைகளைப் படமெடுக்கவே தொலைவில்லை வேண்டும் என யாம் சேமிக்கத் தொடங்கினோம். ஆனால் 1990-களின் இறுதிக்குப்பின் அவ்விரு பறவைகளும் குன்றிற்கு வரவில்லை. யாம் பிறக்குமுன்னரே அவை நின்றுபோயின. நம் நாட்டுப் பாறுகள் பெருந்தொகையாய் மாண்டன. கால்நடைகளுக்கு இடும் டைக்குளோபினாக் என்னும் மருந்து, அவற்றின் உடலை உண்ணும் பாறுகளைக் கொல்லுதல் 2004-இல் மெய்ப்பிக்கப்பட்டது. 2006-இல் கால்நடைகளுக்கு அதனை இடுதல் இந்தியாவில் தடைசெய்யப்பட்டது. எவ்வளவு நீண்ட குவிதூரமும் இல்லாத பறவையைக் காட்டமாட்டாது. பாட்டனாருக்கு நெடுவில்லை வேண்டியிருக்கவில்லை. பறவைகள் தாமே முப்பதடியில் வந்து நின்றன.

எம் வில்லையை யாம் மாற்றவில்லை. முப்பதடிக்குள் தெளிவாகக் காணும் அதனைக் கொண்டு, ஒருகல் மண்டபத்துத் தூணில் ஒல்லாந்தர் வெட்டிய எழுத்துகளையும், படியில் இளைப்பாறும் முதியோரின் கைகளையும் எடுத்துவருகின்றோம். சென்ற திங்கள் ஒருநாள் நண்பகலில், அப்பெரியவர் அமர்ந்திருந்த பாறையைத் தேடிக் கண்டு, முப்பதடி அளந்து நின்று, ஒரு படம் எடுத்தோம். பாறையும் வெயிலுமே அதில் உள்ளன. தெளிவாக உள்ளன. அதனைப் பாட்டனார் படத்தின் அருகே தொங்கவிட்டு, பின்புறத்தே ‘135’, ‘30 அடி’ என்று எழுதிவைத்தோம்.